ஆறாவது கேள்வியில் ஒரு மைப்புள்ளி

திருடன் டி.வி.யைத் தொடவில்லை. பீரோவைத் தொடவில்லை. இஸ்திரி மேஜை மேல் விரித்திருந்த துணியை மட்டும் உருவிக்கொண்டு போயிருந்தான்.

"இவன் ரொம்ப டீசன்ட்டான திருடன் மேடம்," என்றான் யாசீன். "சட்டை கசங்கிப் போச்சு போல. அவசரத்துக்கு எடுத்துகினு போயிருக்கான்."

அபிதா சிரிக்கவில்லை. அபிதகுஜாம்பாள் என்ற முழுப் பெயரை எழுதினால் போர்டு போதாது என்பதால், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'அபிதா துப்பறியும் நிலையம்' என்று சுருக்கமாக எழுதி வைத்திருந்தாள். அதற்கு முன்னால் பதினான்கு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விசாரணை செய்தவள். யாசீன் அவளுடைய உதவியாளன். பல்லாவரத்துக்காரன். வாயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுப்பான்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் லாசரஸ், கடற்படை எஞ்சின் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், சனிக்கிழமையிலிருந்து காணவில்லை. இன்று செவ்வாய். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, கதவைத் திறந்துவிட்டவள் திரிபுரசுந்தரி டீச்சர். வழக்கு அவளுடையது.

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு மெடிக்கல் போர்டு மேடம்," என்றாள் அவள். மூன்றாவது தடவையாக.

அவளுடைய அப்பா பொன்னுரங்கமும் லாசரஸும் ஒரே கப்பலில் இருந்தவர்கள். நீராவியில் ஓடிய பழைய போர்க்கப்பல். மாலுமிகள் அதைக் கிழவி என்றுதான் கூப்பிட்டார்களாம். அதன் பாய்லர் அறையில் சூடான குழாய்களுக்கெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் துணி சுற்றியிருந்தது. எழுபத்து நான்கில் கப்பலைப் பழுது பார்த்தபோது, அந்தத் துணியை வெறுங்கையால் கிழித்துப் போட்டவர்களில் பொன்னுரங்கம் ஒருவர். முப்பத்திரண்டு வருஷம் கழித்து இப்போது நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய். ஆனால் சர்வீஸ் காகிதத்தில் அவருக்கு மேல்தள வேலை என்றுதான் இருக்கிறது. ஆள் போதாத மூன்று மாதம் பாய்லர் அறைக்கு இறக்கிவிட்டதை எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கிழித்தவர்களில் உயிரோடு இருப்பவர் லாசரஸ் மட்டும்தான்.

"எங்க வூட்டு கூரையே ஆஸ்பெஸ்டாஸ்தான் டீச்சர்," என்றான் யாசீன். "எனக்கு மூளைதான் வளரலை."

"கூரையில அது சிமென்ட்டுக்குள்ள இருக்கு யாசீன். கப்பல்ல அதை நூலா திரிச்சு நெய்திருந்தாங்க. கிழிச்சா கண்ணுக்குத் தெரியாம பறக்கும்," என்றாள் அபிதா. பிறகு டீச்சரிடம், "அப்பா எப்படி இருக்கார்?"

"போர்டுல போன தடவை 'பீடி குடிப்பியா'ன்னு கேட்டாங்க. பீடிக் கடைப் பக்கம்கூடப் போனதில்ல அவர். 'கப்பல்ல வந்த நோய்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லும்மா, போதும்'ங்கிறார். அவ்வளவுதான் கேக்கிறார்."

அபிதா இஸ்திரி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் நாட்களில் ஒரு வெல்டரின் நுரையீரல் ஃபைலில் 'புகைப்பழக்கம்' என்று எழுதி மூடியிருக்கிறாள். அந்த ஆள் புகைத்தாரா என்று கேட்கவே இல்லை. அந்த ஃபைலின் நம்பர் இன்னும் நினைவிருந்தது. அதை யாசீனிடம்கூடச் சொன்னதில்லை.

"மேடம், நேத்து நீங்க சொன்னதுதான் கரெக்ட்டா?" என்றாள் டீச்சர். "யாரோ பணம் குடுத்து அவரைக் கலைச்சிட்டாங்கன்னு?"

"நேத்து சொன்னதை நேத்தோட விட்டுடுங்க. அது என்ன காகிதம்?"

சாப்பாட்டு மேஜை மேல் வக்கீல் கொடுத்த சாட்சிப் படிவம். ஆறு கேள்விகள். ஐந்துக்கு மணிமணியான கையெழுத்தில் பதில். பொன்னுரங்கம் எந்த மாதம் இறங்கினார், எந்தக் குழாய், யார் உத்தரவு, எல்லாம் இருந்தது. ஆறாவது கேள்வி: 'இந்தப் பொருள் உடம்புக்குக் கெடுதல் என்று உங்களுக்கு எப்போது தெரிய வந்தது?' பதில் இல்லை. கோட்டின் தொடக்கத்தில் மிளகு அளவுக்கு நீல மைப்புள்ளி மட்டும், அடுத்த தாள் வரை ஊறியிருந்தது.

"மை தீர்ந்து போய் ரீஃபில் வாங்கப் போயிருக்காரு," என்றான் யாசீன். "மூணு நாளா கடை கிடைக்கலை."

"மை தீர்ந்த பேனா இப்படி ஊறாது. பேனாவை வச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சிருக்கார். கலைஞ்சு போன ஆளா இருந்தா முதல் அஞ்சையும் எழுதியிருக்க மாட்டார்." அபிதா சமையலறைக்குள் நுழைந்தாள்.

அடுப்பு மேடையில், ஸ்டவ்வுக்கு அடியில், சதுரமாக ஓர் இடம் மட்டும் புதுசாகப் பளபளத்தது. ஏதோ ஒரு விரிப்பு பல வருஷம் அங்கே இருந்து, இப்போது இல்லை. சுவரில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சுத்தமான வட்டம், மேலே ஓர் ஆணி. சூடான பாத்திரம் பிடிக்கும் துணி அங்கே தொங்கியிருக்க வேண்டும்.

"இஸ்திரித் துணி. அடுப்பு விரிப்பு. பிடிதுணி," என்று விரல் விட்டு எண்ணினாள். "மூணுக்கும் என்ன ஒத்துமை?"

"மூணையும் எடைக்குப் போட்டா பழைய இரும்புக்கடைக்காரர் அடிப்பாரு."

"மூணும் சூடு தாங்கிற துணி."

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பெண் கையெழுத்து. தலைப்பு, 'கிறிஸ்துமஸ் தட்டு'. கீழே பதினான்கு பெயர்கள், ஊரோடு.

"ஹில்டா ஆன்ட்டி எழுதினது," என்றாள் டீச்சர். லாசரஸின் மனைவி. ஹாலில் தையல் மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் மாலையோடு படமாக இருந்தாள். "கிறிஸ்துமஸுக்கு இந்தப் பதினாலு வீட்டுக்கும் கேக்கு, முறுக்கு எல்லாம் வச்சுத் தட்டு போகும். ரெண்டு வருஷம் முன்னால தவறிட்டாங்க. டி.பி.ன்னு மருந்து குடுத்தாங்க. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டே இருந்துச்சு."

பதினோரு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. நீல மை, படிவத்தில் இருந்த அதே நீலம். பிசுக்கு ஏறிய அட்டையில் கோடுகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"தட்டு வாங்கின அம்மா செத்து ரெண்டு வருஷம்… சாரி, தட்டு குடுத்த அம்மா," என்றான் யாசீன். "இப்போ மே மாசம். யாருக்கு மேடம் கிறிஸ்துமஸ்?"

"அதைக் கேக்கத்தான் போறோம். பதினொண்ணாவது வீடு யாரு?"

"யேசுதாசன். படப்பை."

"வண்டியை எடு."

டீச்சரை அங்கேயே விட்டுவிட்டு, முடிச்சூர் ரோடு வழியாக ஸ்கூட்டியில் முக்கால் மணி நேரம். படப்பை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டில், யேசுதாசன் லுங்கியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அதே கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

"லாசரஸா? நேத்து சாயந்திரம் வந்தான்," என்றார். "வந்தவன் உக்காரலை. டீ வேணாம்னான். நேரா கிச்சனுக்குப் போனான். இட்லி குண்டானுக்கு அடியில ஒரு வட்டத் துணி வச்சிருந்தோம், அத எடுத்தான்."

"ஹில்டா அம்மா குடுத்ததா?"

"ஆமா. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தட்டோட வந்துச்சு. ஓரத்துல சிவப்பு நூல்ல பூ போட்டு அவ்ளோ அழகா தச்சிருக்கும். அதுக்குப் பதிலா புது ஸ்டீல் ஸ்டாண்டு ஒண்ண வச்சான். ஏண்டான்னு கேட்டேன். 'மன்னிச்சிடு தாசு'ன்னான். நாப்பது வருஷப் பழக்கத்துல அவன் வாயில நான் கேக்காத வார்த்தை."

"தாத்தா, ஸ்டீல் ஸ்டாண்டு குடுத்துட்டு மன்னிப்பும் கேக்கிற ஆளு எங்க ஏரியா பக்கம் வந்தா அனுப்பி வைங்க," என்றான் யாசீன்.

"இரு தம்பி. கோமாளித்தனம் அதுல இல்ல. அந்தத் துணி காஞ்சு கிடந்துச்சு. ஒரு மக்குல தண்ணி வாங்கி அது மேல ஊத்தினான். சொட்டச் சொட்ட நனைச்சு, மடிச்சு, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அத இன்னொரு கவர்ல போட்டுக் கட்டினான். காய்ஞ்ச துணிய நனைச்சு எடுத்துக்கிட்டுப் போறவன நான் இப்பதான் பாக்கிறேன்."

அபிதா எழுந்துவிட்டாள்.

வாசலில் ஸ்கூட்டி பக்கத்தில் நின்று, டீச்சர் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினாள். நோயாளிகளின் வீட்டாருக்காக அச்சடித்த ஒரு நோட்டீஸ். அதில் நான்காவது வரியில் விரலை வைத்து யாசீனிடம் நீட்டினாள்.

'கிழிந்த ஆஸ்பெஸ்டாஸை நனைக்காமல் தொடாதீர்கள். தூள் பறக்கும்.'

யாசீன் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

"கப்பல் துணி," என்றான்.

"மிச்சம் விழுந்த துணியை லீவுக்கு வரும்போது கொண்டு வந்திருக்கார். நெருப்பு பிடிக்காத துணி, எந்தக் கடையிலயும் கிடைக்காது. மாலுமி வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்கு அதைவிட நல்ல சாமான் என்ன இருக்கு? அந்தம்மா அதை வெட்டி, மெஷின்ல ஓட்டி, பூ போட்டு, பதினாலு வீட்டுக்குக் குடுத்திருக்காங்க."

"வெட்டி, தச்சு, தரையைப் பெருக்கி…" யாசீன் நிறுத்தினான். "அப்ப அவங்களுக்கு வந்தது டி.பி. இல்லையா?"

"எனக்குத் தெரியாது. லாசரஸ் என்ன நினைக்கிறார்னு மட்டும் தெரியுது. பன்னிரண்டாவது நம்பருக்குப் போன் போடு."

பன்னிரண்டு கைனாத். முன்பு பக்கத்து வீட்டில் இருந்தவள், இப்போது சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. போனில் சிரித்தாள். "அங்கிள் காலையில ஏழு மணிக்கே வந்துட்டார். பல்கூட விளக்கலை நான். ஆன்ட்டி தச்ச பழைய துணி மேட் ஒண்ணை எடுத்துக்கிட்டு ஸாரி சொல்லிட்டுப் போயிட்டார். எனிதிங் ராங்?"

மீதி இரண்டு. பதிமூன்று, பொன்னுரங்கம். டீச்சருடைய சொந்த வீடு. பதினான்கு, 'அமுலு, இஸ்திரி வண்டி, இரும்புலியூர்'.

அபிதா டீச்சருக்குப் போன் செய்தாள். "உங்க வீட்டுல அந்தத் துணி இருக்கா?"

"சாமி விளக்குக்கு அடியில இருக்கு. அவர் வரலையே மேடம்."

"இரும்புலியூருக்கு ஆட்டோ பிடிச்சு வாங்க. அந்தப் படிவத்தை எடுத்துட்டு வாங்க."

மதியம் இரண்டு மணி வெயில். இரும்புலியூரில் ஒரு வேப்பமரத்தின் கீழே இஸ்திரி வண்டி. அதற்கு எதிரே பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சில், மடியில் துணிப் பையை வைத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் நேர்வகிடுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பஸ்கள் வந்து போயின. அவர் ஏறவில்லை.

"லாசரஸ் சார்," என்றாள் அபிதா, பக்கத்தில் உட்கார்ந்து. "எத்தனை நாளா இங்கே இருக்கீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "சனிக்கிழமை முதல்ல இங்கதான்மா வந்தேன். கேக்க முடியலை. சரி, மத்த வீட்டையெல்லாம் முடிச்சுட்டு வருவோம்னு போனேன். தினமும் சாயந்திரம் இங்க வந்து உக்காந்துட்டு, ராத்திரி யாருக்கும் தெரியாம வீட்டுக்குப் போய் ஹில்டா அட்டையில முடிஞ்ச பேரை அடிச்சுட்டு, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுக்குப் போயிடுவேன்."

"மத்தவங்ககிட்ட எடுக்க முடிஞ்சதே."

"அவங்க வீட்டுல அது எப்பவாவது ஒரு தடவை பாத்திரத்துக்கு அடியில போறது. அமுலுக்கு அதுதான் வண்டி விரிப்பு. ஹில்டா நாலு தடவை தச்சுக் குடுத்தா. பழசு கிழிஞ்சா புதுசு. இவ தினமும் பத்து மணி நேரம் அது மேல பெட்டியத் தேய்க்கிறா." அவர் நிறுத்தினார். "இருமுறா பாருங்க."

வண்டியில் அமுலு இருமிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"கரிப்புகை சார். இஸ்திரிக்காரங்க எல்லாரும் இருமுவாங்க," என்றான் யாசீன். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

"இருக்கலாம் தம்பி. இருக்கணும்னு மூணு நாளா ஜெபம் பண்றேன்."

ஆட்டோவிலிருந்து டீச்சர் இறங்கினாள். கையில் படிவம். அவரைப் பார்த்ததும் ஏதோ கேட்க வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஆறாவது கேள்வி," என்றாள் அபிதா. "அதுதானே சார்?"

லாசரஸ் தலையசைத்தார். "எண்பத்தெட்டு. கிழவிக்குக் கடைசி ரிப்பேர். கப்பல் ரிப்பேர் யார்டுல இருந்து ஆளுங்க வந்தாங்க. முகத்துல மாஸ்க், கையில கிளவுஸ். எங்களை மேல ஏறி நிக்கச் சொன்னாங்க. ஏன்டான்னு ஒருத்தனைக் கேட்டேன். 'இது நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது சீஃப்'னான். அடுத்த மாசம் லீவுல வந்தேன். ஹில்டா மெஷின்ல உக்காந்திருந்தா. மடி பூரா வெள்ளைத் தூள். 'உங்க கப்பல் துணிக்கு ஊர்ல எவ்ளோ கிராக்கி பாருங்க'ன்னு சிரிச்சா."

"நீங்க சொல்லலை."

"நாளைக்குச் சொல்லுவோம்னு நினைச்சேன். அவ ஊருக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கா. அவ முகம் போற போக்க நினைச்சேன். உருளையில இருந்த துணி தீர இன்னும் அஞ்சு வருஷம் ஆச்சு. அவளே தச்சு முடிச்சா." தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "பாய்லர் ரூம்ல இருபது வருஷம் இருந்தவன் நான். எக்ஸ்ரே எடுத்தாங்க. சலவைச் சட்டை மாதிரி சுத்தமா இருக்கு. கப்பல்ல கால் வைக்காதவ போய்ச் சேர்ந்துட்டா."

டீச்சர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "நீங்க விலை போயிட்டீங்கன்னு அப்பாகிட்டச் சொல்லிட்டேன் அங்கிள். 'லாசரஸ் அப்படிப்பட்டவன் இல்ல'ன்னார். நான்தான் 'சும்மா இருங்கப்பா, உங்களுக்கு உலகம் தெரியாது'ன்னேன். நேத்துல இருந்து அவர் என்கூடப் பேசலை."

"அதை உங்ககிட்ட முதல்ல சொன்னது நான்," என்றாள் அபிதா.

"நான் பந்தயமே கட்டினேன்," என்றான் யாசீன், தரையைப் பார்த்து.

லாசரஸ் எழுந்தார். ரோட்டைக் கடந்தார். மூவரும் பின்னாலேயே போனார்கள்.

"இன்னா நேவி சார், நாலு நாளா அங்கயே குந்திகினு கீற?" என்றாள் அமுலு. "வூட்ல எதுனா பேஜாரா?"

"அமுலு, அந்த விரிப்பு எனக்கு வேணும்."

"குடுத்தத திருப்பிக் கேக்குறியா? ஹில்டாம்மா இருந்தா உன்ன கிழிச்சிருக்கும்." சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அவர் சொன்னார். எண்பத்தெட்டை, மாஸ்க்கை, மடியில் இருந்த தூளை, எதையும் குறைக்காமல் சொன்னார். அவள் பாதியில் தன் இரண்டு கைகளையும் விரிப்பின் மேலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேந்து தெரியும் சார் உனக்கு?"

டீச்சர் கையிலிருந்த படிவத்தை யாசீன் பார்த்தான்.

"பதினெட்டு வருஷமா," என்றார் லாசரஸ்.

"எம் பொண்ணு பொறந்தது எம்பத்தொம்போது," என்றாள் அமுலு மெதுவாக. "வண்டிக்குக் கீழ தூளி. பொட்டியிலேந்து நெருப்பு கிருப்பு விழும்னு, தூளிக்கு அடியில பழைய விரிப்ப மடிச்சுப் போட்டேன். ஹில்டாம்மாதான் போடச் சொல்லிச்சு. நல்ல மனசோடதான் சொல்லிச்சு. இப்ப பன்னண்டாவது எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துகினு கீறா. ஜம்முனுதான் கீறா. அவளாண்ட நான் இன்னா சொல்லட்டும்?"

அவர் துணிப் பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்தார்.

"உங்க ரெண்டு பேரையும் நாளைக்கே நெஞ்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அபிதா. "பட்டியல்ல இருக்கிற மத்தவங்களையும்."

அமுலு அவளைப் பார்க்கவில்லை. "மத்த வூட்டுங்களாண்ட இதெல்லாம் சொன்னியா சார்?"

"எடுத்துட்டு வந்தேன். மன்னிச்சிடுன்னேன். காரணம் சொல்லலை."

"காரணம் தெரியாம இன்னாத்த மன்னிக்கிறது? போய்ச் சொல்லு. ஒவ்வொரு வூடா."

பெட்டியில் இருந்த கரியை அவளே தட்டிக் கொட்டி அணைத்தாள். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து குடத்தை எடுத்து, "தண்ணி ஊத்தணும்னா சொன்ன?" என்று கேட்டு, விரிப்பின் மேல் முழுக் குடத்தையும் சாய்த்தாள். ஓரத்துச் சிவப்புப் பூக்கள் ஊறிக் கறுத்தன. லாசரஸ் மடித்துக் கட்டினார். வெறும் பலகை தெரிந்தது.

டீச்சர் படிவத்தை நீட்டினாள். அவர் அந்தப் பலகையின் காய்ந்த மூலையில் வைத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றாள் அபிதா. "இந்த ஒரு வரிதான் பொன்னுரங்கம் சாருக்கு வேணும். எண்பத்தெட்டுல மாஸ்க் போட்டாங்கன்னா, அது கெடுதல்னு கடற்படைக்காரங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி வெறுங்கையால கிழிச்சவங்களுக்கெல்லாம் யாராவது எச்சரிச்சு ஒரு தபால் கார்டு போட்டிருக்கணும்."

"யாரும் போடலை," என்றார் லாசரஸ். "நானும் போடலை. அதையும் சேர்த்து எழுதுறேன். அவங்க மேல மட்டும் பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்கக் கூடாது."

மைப்புள்ளியிலிருந்தே எழுதத் தொடங்கினார். நாலு வரி. கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பட்டியலின் ஒரு நகலை எடுத்து, பன்னிரண்டு கோடுகளையும் பார்த்துவிட்டு, மறுபக்கத்தைத் திருப்பி, போய்ச் சொல்ல வேண்டிய பெயர்களைப் புது வரிசையில் எழுதினார். முதல் பெயர் பொன்னுரங்கம்.

"இப்பவே வரட்டுமாம்மா?" என்று டீச்சரைக் கேட்டார். "தூங்குவானா?"

"அப்பா தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு அங்கிள். படுத்தா மூச்சு வராது. உக்காந்துக்கிட்டுதான் இருப்பார்."

யாசீன் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தி, ஹெல்மெட்டை அவரிடம் கொடுத்தான். "ஏறுங்க சார். மேடமும் டீச்சரும் ஆட்டோல வரட்டும்." வண்டியைக் கிளப்பப் போனவன் நிறுத்தி, அமுலுவிடம் திரும்பினான். "அக்கா, அந்தக் குடத்த குடுங்க. டீச்சர் வூட்டு விளக்குக்கு அடியில இருக்கிற துணியையும் நனைக்கணும். நாளைக்கு டாக்டராண்ட கூட்டிகினு போக வரும்போது திருப்பித் தரேன்."

அவள் குடத்தைக் கொடுத்தாள். லாசரஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தார்.